கண்ணைப் பார்க்காதே, கணக்கைப் பார்

முதல் தலைமுறையாக ஆபீசுக்குள் கால் வைத்திருக்கிற நம்ம பிள்ளைகள் கூடுகிற இடங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. சம்பளம், பதவி உயர்வு, ரோஸ்டர் எல்லாம் பேசி முடித்த பிறகு, கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும். 'தோழர், எங்க செக்சன்ல ஒருத்தர் இருக்கார். நல்லாத்தான் பேசுவார். ஆனா எங்கிட்ட பேசும்போது மட்டும் கண்ணப் பாக்க மாட்டேங்கிறார். செவுத்தப் பாத்துப் பேசுறார்.' இன்னொருத்தர் சொல்வார்: 'எங்க ஆளு அப்படியில்ல. கண்ணு சிமிட்டாம உத்துப் பாப்பான். பேச்சு முடிஞ்ச பிறகும் பார்வைய எடுக்க மாட்டான்.' ஒரு பெண் சொல்வார்: 'கேள்வி கேக்கிறது நானு. பதில மட்டும் பக்கத்துல இருக்கிறவங்களப் பாத்துச் சொல்றார்.' கடைசியில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள்: 'இது சாதியா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?'

இதைச் சில்லறை விஷயம் என்று தள்ளுகிறவர்கள் நம் இயக்கங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். 'அங்க குடிசை எரியுது, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல. இங்க ஆபீஸ்ல ஒருத்தன் கண்ணப் பாக்கலன்னு கவலப்படுறீங்களா?' என்பார்கள். குடிசை எரிவதும் பார்வை விலகுவதும் ஒரே எடையில்லை, சரிதான். ஆனால் படிப்பு ஒன்றையே பிடிமானமாகக் கொண்டு ஆபீசுக்குள் போன ஆளிடம் சாதி அரிவாளோடு வருவதில்லை. அது நாற்காலியில் வருகிறது, டிபன் பாக்சில் வருகிறது, பைல் தள்ளப்படுகிற விதத்தில் வருகிறது, கண்ணில் வருகிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வீதம் முப்பது வருஷம் அந்தக் கண்களுக்கு நடுவில்தான் வாழ வேண்டும். இந்தக் குழப்பத்திலேயே மாறுதல் கேட்டு ஓடியவர்களும், வேலையை விட்டவர்களும், வாயை மூடிக்கொண்டு ரிட்டயர் ஆனவர்களும் எந்த எஃப்.ஐ.ஆரிலும் வருவதில்லை.

இக்கேள்விக்கு இரண்டு ரெடிமேட் பதில்கள் இருக்கின்றன. நம் ஆட்கள் சொல்வது: 'சாதிதான், வேற என்ன?' முற்போக்கு நண்பர்கள் சொல்வது: 'எல்லாம் உங்க தாழ்வு மனப்பான்மை. யாரும் அப்படி நினைக்கல.' இரண்டுமே ஆபத்தானவை என்பதுதான் என் வாதம். முதல் பதில், சம்பந்தமில்லாத ஆளை எதிரியாக்கி, உண்மையான எதிரியைத் தப்பவிடும். இரண்டாவது பதில், நம் அனுபவத்தையே பைத்தியக்காரத்தனமாக்கும். இருவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ஒற்றைப் பார்வையைத் தனியாகப் பிய்த்து எடுத்துவைத்துக்கொண்டு அதற்குப் பொருள் சொல்கிறார்கள். பார்வையின் பொருள் கண்ணுக்குள் இல்லை. அந்தக் கண் யாரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்கிற வரிசையில் இருக்கிறது.

1

முதலில் நம் சந்தேகத்துக்கு உரிய மரியாதையைக் கொடுப்போம். அது ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. இந்த நாட்டில் பார்வைக்கே சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம் 239ஆம் சுலோகம், பார்ப்பனர்கள் சாப்பிடும்போது அவர்களைப் பார்க்கக் கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் தருகிறது. சண்டாளன், பன்றி, சேவல், நாய், மாதவிலக்கான பெண், ஆண்மையற்றவன் என்று அவர்கள் ஒதுக்கியவன். பட்டியலில் யாரோடு யாரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தொடுவதற்கு முன்னாலேயே பார்வை தீட்டாகிவிட்டது. 'திருஷ்டி தோஷம்' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். மறைவில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அடுத்த படி, கண்ணில் படுவதே குற்றம் என்பது. திருநெல்வேலி மாவட்டத்துப் புதிரை வண்ணார்களைப் பற்றி 1932 டிசம்பரில் 'இந்து' ஆங்கில நாளேட்டில் செய்தி வந்தது. தீண்டப்படாத மக்களின் துணியை வெளுக்கும் இவர்கள் பகலில் யார் கண்ணிலும் படக் கூடாது. இரவில்தான் நடமாட வேண்டும், வேலை செய்ய வேண்டும். தீண்டாமை, அண்டாமை ஆகியவற்றோடு காணாமை என்று ஒன்றும் இந்த மண்ணில் நடைமுறையில் இருந்திருக்கிறது. 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்த பிறகுதான் தமிழ் வாசகர்களில் பலருக்கு அப்படி ஒரு சனம் இருப்பதே தெரிந்தது.

நம் தாத்தன்களின் உடம்பை நினைத்துப் பாருங்கள். துண்டு கக்கத்தில், செருப்பு கையில், கண் தரையில். அவர்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்பதால் குனியவில்லை. நிமிர்ந்தால் 'ஏறெடுத்துப் பாக்குறான் பாரு', 'கண்ணுக்குக் கண்ணு பாத்துப் பேசுற அளவுக்கு ஆயிட்டானா' என்று கேள்வி வரும். கேள்விக்குப் பின்னால் அடி வரும். இன்றைக்கும் செய்தித்தாள்களில் 'முறைத்துப் பார்த்ததில் தகராறு' என்று ஒற்றை வரி வருகிறது. யார் முறைத்தது? யாருடைய கண் சும்மா நேராக இருந்ததே முறைப்பாகத் தெரிந்தது? அதை அந்த வரி சொல்லாது.

இது நம் நாட்டு விசேஷம் மட்டுமல்ல. அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் 1951இல் மேக் இங்ரம் என்கிற கறுப்பினக் குத்தகை விவசாயி மீது தாக்குதல் வழக்குப் போட்டார்கள். அவர் யாரையும் தொடவில்லை. சுமார் 75 அடி தூரத்தில் இருந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் 'பார்த்தார்' என்பதுதான் குற்றம். கீழ் நீதிமன்றங்களில் தண்டனையும் கிடைத்தது. 1953இல் மாநில உச்ச நீதிமன்றம்தான் அதை ரத்து செய்தது. அடிமையாக வைக்கப்பட்டவனின் கண், ஆதிக்கம் செய்கிறவனுக்கு எப்போதும் ஆயுதமாகவே தெரிகிறது.

ஆகவே கண் விஷயத்தில் நம்ம பிள்ளைகள் கூர்மையாக இருக்கிறார்கள் என்றால் அது நோயல்ல. பண்ணையாரின் முகத்தைப் படிக்கத் தெரியாத பண்ணையாள் பிழைத்திருக்க முடியாது. பரம்பரையாகக் கற்ற எச்சரிக்கை அது. ஆனால் எச்சரிக்கை வேறு, சாட்சியம் வேறு. நாய் குரைப்பது எச்சரிக்கை. வந்திருப்பது திருடனா, தபால்காரனா என்பதைக் கதவைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

2

கதவைத் திறந்தால் முதலில் தெரிவது, கண்ணுக்குச் சாதியைத் தவிர வேறு நிறைய வேலைகள் இருக்கின்றன என்பது.

பேச்சின்போது கண் என்ன செய்கிறது என்பதை ஆடம் கெண்டன் என்பவர் 1967இல் ஆராய்ந்து எழுதினார். நீளமாகப் பேசத் தொடங்குகிறவர் முதலில் பார்வையை வேறுபக்கம் திருப்புவார். பேச்சு முடிகிற இடத்தில் மறுபடி எதிராளியைப் பார்ப்பார். 'நான் முடிச்சாச்சு, இனி நீ பேசு' என்பதற்கான சமிக்ஞை அது. யோசிக்கும்போதும் அப்படித்தான். கஷ்டமான கேள்விக்குப் பதில் தேடுகிறவர்கள் பார்வையை விலக்கிக்கொள்கிறார்கள், அப்படி விலக்குவது ஞாபகப்படுத்திக்கொள்ள உதவுகிறது என்று கிளென்பெர்க்கும் அவர் சகாக்களும் 1998இல் காட்டினார்கள். ஆர்கைல், டீன் என்கிற இருவர் 1965இலேயே இன்னொன்றைச் சொன்னார்கள்: இரண்டு பேர் நெருங்கி உட்கார உட்கார, கண்ணோடு கண் பார்ப்பது குறையும். மேசைக்கு மேசை இடிக்கிற நம் ஆபீஸ்களில் இதை மறக்கக் கூடாது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த பார்வையாளர்களை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வு, ஒருவர் தம்மைப் பார்ப்பதில் ஆட்களுக்குச் சங்கடமில்லாத நேரம் சராசரியாக 3.3 விநாடி என்கிறது. அதற்குள்தான் இத்தனை கலவரமும்.

அப்புறம் உடம்பு. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு எதிராளியின் கண்ணைப் பார்ப்பது உடம்பளவிலேயே தொந்தரவான காரியம். சிலர் முகத்தைப் பார்க்கவே மாட்டார்கள். சிலர் எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று தெரியாமல் வைத்த கண் வாங்காமல் பார்ப்பார்கள். காது மந்தமானவர் உங்கள் உதட்டையே பார்ப்பார். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போனவருக்கு நேராகப் பார்த்தால் ஆள் தெரியாது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால்தான் உங்கள் முகம் தெரியும். அவர் உங்கள் தோளுக்கு அப்பால் பார்ப்பது உங்களைப் பார்ப்பதற்காகத்தான். பார்க்கின்சன் நோய் வந்தவருக்குக் கண் சிமிட்டுவது குறையும். தைராய்டு கோளாற்றில் இமை மேலேறி, சும்மா இருந்தாலும் முறைப்பது போல இருக்கும். மாறுகண் இருக்கிறது. வளர்ப்பு இருக்கிறது: பெரியவர்களைக் கண் பார்த்துப் பேசாதே, ஆம்பளைங்க முகத்தைப் பார்க்காதே என்று அடித்து வளர்க்கப்பட்டவர்கள் எல்லாச் சாதியிலும் உண்டு. இதில் எதுவும் நம்மை அவமதிப்பதில்லை.

கண்ணை வைத்து மனதைப் படித்துவிடலாம் என்கிற நம்பிக்கையே ஆட்டங்காணக் கூடியதுதான். பொய் சொல்கிறவன் கண்ணைப் பார்க்க மாட்டான் என்பது உலகம் பூராவும் நம்புகிற விஷயம். ஆனால் ஒருவர் சொல்வது பொய்யா நிஜமா என்று ஆட்கள் கண்டுபிடிப்பது சராசரியாக நூற்றுக்கு 54 தடவைதான் சரியாக இருக்கிறது என்று, அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து பாண்டும் டிபாலோவும் 2006இல் கணக்குக் காட்டினார்கள். காசைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

இந்த நம்பிக்கையால் அதிகம் அடிபடுகிறவர்கள் நாம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐ.ஏ.எஸ். தேர்வில் நேர்முகத்துக்கு 275 மதிப்பெண். அதற்கு வைத்திருக்கிற பெயர் 'ஆளுமைத் தேர்வு'. கண்ணைத் தரையில் வைக்கப் பழக்கப்பட்ட குடும்பத்திலிருந்து வந்த பையன் அங்கே கண்ணைத் தாழ்த்தினால் 'தன்னம்பிக்கை இல்லை'. நேராகப் பார்த்தால் 'பணிவு இல்லை'. கோட்டு போட்டவன் மகன் நேராகப் பார்த்தால் மட்டும் அது 'தலைமைப் பண்பு'. கண்ணைப் பார்த்து ஆளை எடை போடுகிற வித்தை அவர்கள் கையில் இருக்கும்போது அநியாயம் என்கிறோம். அதே வித்தையை நாம் எடுத்துப் பக்கத்து மேசைக்காரன்மேல் பிரயோகித்தால் அது மட்டும் நியாயமாகிவிடுமா?

3

அப்படியானால் பார்வையில் சாதியே இல்லையா? இருக்கிறது. தேடுகிற இடம்தான் வேறு.

எக்ஸ்லைன், எல்லிசன் போன்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1970களிலும் 80களிலும் அதிகாரத்துக்கும் பார்வைக்கும் உள்ள உறவை அளந்தார்கள். அதிகாரம் இல்லாதவர், பிறர் பேசுவதைக் கேட்கும்போது அதிகமாகவும் தான் பேசும்போது குறைவாகவும் பார்க்கிறார். அதிகாரம் உள்ளவர் தான் பேசும்போதும் நன்றாகப் பார்க்கிறார்; கேட்கும்போது பார்த்தாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆபீசில் நாம் தினம் பார்ப்பதுதான் இது. சூப்பிரண்டு உத்தரவு போடும்போது கண் நம் மேலேயே இருக்கும். நாம் பதில் சொல்லும்போது பைலைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

ஆனால் இது பதவியின் பார்வை. எல்லா மேலதிகாரியும் எல்லாக் கீழ் ஊழியரிடமும் காட்டுவது. சாதியின் பார்வையை இதிலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது? நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று: எல்லோரிடமும் இப்படித்தானா? செவுத்தைப் பார்த்துப் பேசுகிறவர் மேனேஜரிடமும் செவுத்தைப் பார்த்துத்தான் பேசுகிறாரா, டீ கொண்டுவருகிற பையனிடமும் அப்படித்தானா என்று ஒரு வாரம் கவனியுங்கள். எல்லோரிடமும் என்றால் அது அவருடைய உடம்பு, அவருடைய சுபாவம். விட்டுவிடுங்கள். ஆறு பேரில் நம் ஆட்கள் இரண்டு பேரிடம் மட்டும் என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: எப்போதிலிருந்து? 'சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா, காலனியா?' என்று கேட்ட நாளுக்கு முன்னால் எப்படி, பின்னால் எப்படி? சர்வீஸ் ரெஜிஸ்டரைப் பார்த்த பிறகா? ஏப்ரல் 14 விழாவுக்கு நோட்டீஸ் கொடுத்த பிறகா? கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரைப் படித்த பிறகா? பதவி உயர்வுப் பட்டியல் வந்த மறுநாளிலிருந்தா? சுபாவத்துக்குத் தேதி கிடையாது. சாதிக்குத் தேதி உண்டு.

மூன்று: கண்ணோடு வேறு என்னென்ன போகிறது? பார்வை தனியாகப் பயணம் செய்வதில்லை. கண்ணைத் திருப்புகிறவர் டிபன் பாக்சையும் திருப்பிக்கொள்கிறாரா? பைலைக் கையில் கொடுக்கிறாரா, மேசையில் போடுகிறாரா? கூட்டம் நடப்பதை உங்களுக்கு மட்டும் சொல்லாமல் விடுகிறாரா? சிரமமான வேலை, பெயர் வராத வேலை யார் தலையில் விழுகிறது? முதுகில் தட்டிக்கொடுப்பது போலத் தோளைத் தடவி நூல் தேடுகிற கை நமக்குத் தெரியும். அந்தக் கைக்குச் சகோதரிதான் சட்டைப்பை, கழுத்துக் கயிறு, நெற்றி என்று அலைகிற கண். அது உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, முகவரியைத் தேடுகிறது.

நான்கு: பதவியும் சாதியும் எதிரெதிராக நிற்கிற இடத்தில் கண் எந்தப் பக்கம் போகிறது? இதுதான் முக்கியமான கேள்வி. மேலதிகாரி நம் ஆள்; கீழே இருப்பவர் ஆதிக்க சாதி. மூன்றாவதாக வருகிறவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார்? கேள்வி கேட்ட அதிகாரியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிற தன் சாதிக் கிளார்க்கைப் பார்த்துப் பதில் சொன்னால், அங்கே பதவி தோற்று சாதி ஜெயித்திருக்கிறது. கொலம்பியாவில் படித்துத் திரும்பி 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்கு நடந்தது இதுதான். அவருக்குக் கீழே இருந்த பியூன்கள் பைல்களைக் கையில் தராமல் தூர நின்று மேசைமேல் எறிந்தார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். ஒரு பியூன் எறிந்த ஒரு பைலை வைத்து, 'அவசரத்தில் போட்டிருப்பான்' என்று சமாதானம் சொல்லலாம். எல்லாப் பியூனும், எல்லா நாளும், அந்த ஒரு அதிகாரிக்கு மட்டும் என்று வரிசையாக வைக்கும்போது எந்தச் சமாதானமும் நிற்காது.

இந்த நான்கில் ஒன்றுக்கு மட்டும் பதில் பொருந்தினால் காத்திருங்கள். மூன்று, நான்கு பொருந்தினால் சந்தேகம் சந்தேகமாக இல்லை, அது தகவல்.

4

தகவலை எங்கே கொண்டுபோவது? சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெளிவாக இருப்போம்.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் விரிவான வடிவில் இருக்கிறது. வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும் மிரட்டுவதும் 'பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்' நடக்க வேண்டும் என்கிறது அதன் ஒரு பிரிவு. ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், நான்கு சுவருக்குள், வெளியாட்கள் யாரும் இல்லாத இடத்தில் நடந்தது இதில் வராது என்று சொல்லிவிட்டது. ஆக, இழிவு குற்றமாவதற்கே இன்னொருத்தர் பார்வை வேண்டும். வெறும் பார்வையையே குற்றமென்று இந்தச் சட்டத்தின் முன் வைத்தால் வழக்கு நிற்காது. ஒரு முறைப்பை நம்பிப் புகார் கொடுத்துத் தோற்றால், அடுத்த நிஜமான புகாருக்கும் 'இவனுங்களுக்கு இதே வேலை' என்கிற பேர்தான் மிஞ்சும்.

பெண்களின் நிலைமை வேறு. உற்றுப் பார்க்கிற கண்ணுக்குச் சாதியோடு இன்னொரு நோக்கமும் இருக்கிறது; சாதி அதற்குத் துணிச்சல் கொடுக்கிறது. 'இவ கேக்க ஆள் இல்லாதவ' என்கிற நினைப்பில் மேய்கிற கண் அது. இதைச் சட்டம் கண்டுகொண்டிருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தொடர்பான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பெண் விரும்பாத, பாலியல் தன்மையுள்ள நடத்தை சொல்லில்லாமல் நடந்தாலும் துன்புறுத்தல்தான் என்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வன்கொடுமைச் சட்டத்திலும், தலித் பெண்ணிடம் பாலியல் தன்மையுள்ள சொல், செயல், சைகை காட்டுவது 2015 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம். பெண்கள் பல பத்தாண்டுகள் போராடித்தான் 'பார்த்தான்' என்கிற சொல்லைச் சட்டத்தின் காதுக்கு எட்டவைத்தார்கள். தனித்தனியாக அழுதவரை அது நடக்கவில்லை. தங்களுக்கு நடந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியபோதுதான் நடந்தது.

5

நாம் செய்ய வேண்டியதும் அதுதான்.

முதல் காரியம், நேராகக் கேட்பது. குற்றம் சாட்டாமல் கேட்கலாம். 'சார், நான் பேசும்போது என்னப் பாத்துப் பேசுனீங்கன்னா எனக்குப் புரிய வசதியா இருக்கும்.' அவ்வளவுதான். ஆட்டிசமோ கண் கோளாறோ உள்ளவர் காரணத்தைச் சொன்னாலும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். சொல்லியே தீர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிற 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 'ஒரு மாதிரியான ஆளு' என்று ஆபீஸ் முழுக்கச் சிரிக்கிற அந்த மனுசனும் நம்மைப் போலவே கண்களால் ஒதுக்கப்பட்டவன்தான். அவனைத் தோழனாக்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் எதிரியாக்கிக்கொள்வது அரசியலே இல்லை. கேட்டதற்கு 'நீ யாரு எனக்குச் சொல்றதுக்கு?' என்று பதில் வந்தால் அதையும் கோபப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கில் இன்னொரு வரி சேர்கிறது.

இரண்டாவது, எழுதி வைப்பது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், என்ன நடந்தது. 'கேவலமாகப் பார்த்தான்' என்று எழுதாதீர்கள். அது பொருள் சொல்வது. 'ஐந்து பேருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார்' என்று எழுதுங்கள், அது நடந்தது. பார்வையோடு சேர்ந்து போகிற மற்றவற்றைத் தவறாமல் எழுதுங்கள். வேலைப் பங்கீடு, விடுப்பு, ரகசியக் குறிப்பு, கூட்டத்துக்கு அழைப்பு. நாளைக்கு ஒரு விசாரணை வந்தால் கண் சாட்சி சொல்லாது, இவைதான் சொல்லும்.

மூன்றாவது, நோட்டை நாலு பேர் நோட்டோடு சேர்த்து வைத்துப் பார்ப்பது. எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் சங்கங்கள் ரோஸ்டரையும் பதவி உயர்வையும் மட்டும் பேசினால் போதாது. மாதம் ஒரு நாள் இதற்காக உட்காருங்கள். ஒரே ஆபீசர் பெயர் நான்கு நோட்டில் இருந்தால் அது நான்கு பேருக்கு வந்த பிரமையாக இருக்க முடியாது. மத்திய அரசு அலுவலகம் என்றால் தொடர்பு அதிகாரி இருக்கிறார். அரசியல் சட்டத்தின் 338ஆம் பிரிவில் உருவான தேசியத் தாழ்த்தப்பட்டோர் ஆணையம் இருக்கிறது. அங்கெல்லாம் பார்வையைக் கொண்டுபோகாதீர்கள். பார்வை காட்டிக்கொடுத்த பாகுபாட்டைக் கொண்டுபோங்கள்.

'தப்பு செய்யிறவன் அவன். நோட்டு போட்டு எழுதுற வேலை மட்டும் எனக்கா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்த வேலையை நாம் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். ராத்திரி பதினோரு மணிக்கு விட்டத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, 'அவர் ஏன் அப்படிப் பார்த்தார், நான் என்ன சொன்னேன்' என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதும் கணக்கு எழுதுவதுதான். சம்பளமில்லாத வேலை அது, முடிவே இல்லாத வேலை, துணையில்லாத வேலை. சாதி நம்மிடம் வாங்குகிற வெட்டி வேலைகளில் ஆகக் கடைசியாக மிஞ்சியிருப்பது இதுதான் என்றுகூடச் சொல்வேன். நம் அப்பன் ஆத்தா உடம்பால் செய்த வெட்டியை நாம் மூளையால் செய்துகொண்டிருக்கிறோம். நோட்டில் எழுதிவிட்டால் அந்தக் கணக்கு தலையை விட்டு இறங்கும். நாலு பேரிடம் சொல்லிவிட்டால் பாரம் பங்காகும்.

6

கடைசியாக ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. புதிரை வண்ணாரைப் பகலில் வெளியே வராதே என்று விரட்டிய கண்களில் ஊர்த்தெருக் கண்கள் மட்டும் இருந்ததில்லை. அவர்கள் துணி வெளுத்தது யாருக்கு என்று யோசித்தால் விளங்கும். 2009இல் தமிழ்நாட்டில் 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது நம் கூட்டங்களிலேயே முகங்கள் எப்படித் திரும்பின என்பது நமக்குத் தெரியும்.

உங்கள் ஆபீசில் காலை எட்டு மணிக்குக் கக்கூசைக் கழுவிவிட்டு நீங்கள் வருவதற்குள் கிளம்பிவிடுகிற ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இருப்பார். அவர் முகம் உங்களுக்குத் தெரியுமா? எதிரே வந்தால் கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுகிறீர்களா, செல்போனைப் பார்த்துக்கொண்டு போகிறீர்களா? மேலே சொன்ன நான்கு கேள்விகளும் நமக்கும் சேர்த்துத்தான். நம்மைத் தாண்டிப் போகிற பார்வையைக் கணக்கெடுக்கிற நோட்டில் முதல் பக்கத்தை அவருக்காக ஒதுக்குங்கள். அவர் பக்கம் போகாமல் திரும்புகிற கண்கள் யார் யாருடையவை என்று எழுதுங்கள். நம் பெயர் அதில் வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.